மங்களம் மாற்றிச் சொன்ன கேள்வி

மங்களம் ஈப்போவில் ஒரு மனநல ஆலோசனை மையத்தில் தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். மலாய்ப் பள்ளியில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்ததால் மலாய் சரளமாக வரும். தமிழில்தான் மனம் திறக்க முடியும் என்கிறவர்கள் வந்தால், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மொழிபெயர்க்க உள்ளே போவாள். அதை எப்படிச் செய்வதென்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

அங்கே இரண்டு ஆலோசகர்கள். மிஸ்டர் லிம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார், சில சமயம் பத்து நிமிடம்கூட. அந்த மௌனத்தில் கையை எங்கே வைப்பதென்றுகூட மங்களத்துக்குத் தெரியாது. மற்றவர், புவான் என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் ரொஹானா அம்மா, வேறு மாதிரி. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எதை நினைத்தபோது அழுகை வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்; அடுத்த வாரம் வரை எழுதிவரத் தாள் கொடுத்தனுப்புவார். இரண்டு அறைகளிலிருந்தும் ஆட்கள் முகம் தெளிந்து போனதை மங்களம் பார்த்திருக்கிறாள்.

சதாசிவம் வந்தது மனைவி இறந்த நான்காம் மாதம். எழுபது வயது. கோலா கங்சார் பக்கம் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறியபின் ஈப்போவிலேயே புந்தோங்கில் மகள் குமுதாவோடு இருந்தார். அவருடைய மலாய் கடைத்தெருவுக்குப் போதும், மனசைச் சொல்லப் போதாது. லிம்மின் அறையில் இரண்டு முறை சன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். லிம் அவசரப்படுத்தவில்லை. மூன்றாம் முறை சதாசிவமே பேசினார்.

"கடைசியா அவ தண்ணி கேட்டா. நான் டிவில பந்து வெளையாட்டு பாத்துக்கிட்டு இருந்தேன். இரு, வாரேன்னு சொன்னேன்."

மங்களம் அதை அப்படியே மலாயில் சொன்னாள்.

பிறகு லிம் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள இரண்டு மாத விடுப்பில் போனார். சதாசிவத்தை ரொஹானாவிடம் அனுப்பினார்கள். இரண்டாவது வாரம் அவர் கொண்டுவந்த தாள் வெறுமையாக இருந்தது. ரொஹானா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று மலாயில் நேராகக் கேட்டார்.

மங்களத்தைத் தங்கச்சி என்று கூப்பிடும் மனிதரிடம் இதை எப்படிக் கேட்பது? இல்லாத எண்ணத்தை நாமே கிளறிவிடுவோமோ என்று பயந்தாள்.

"அண்ணே, மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கான்னு கேக்குறாங்க."

சதாசிவம் அவள் முகத்தைப் பார்த்தார். "கஷ்டம் இல்லாம இருக்குமா லா, தங்கச்சி. பழகிக்க வேண்டியதுதான்."

கஷ்டம் இருக்கிறது, பழகிக்கொள்கிறேன் என்கிறார் என்று மங்களம் சொன்னாள். ரொஹானா அதை, அந்த எண்ணம் இல்லை என்று எடுத்துக்கொண்டு குறித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் சதாசிவம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

செய்தி வந்த அன்றே மங்களம் ரொஹானாவிடம் போய் உண்மையைச் சொன்னாள். ரொஹானா திட்டவில்லை. "நான் கேட்டது ஆம், இல்லை என்று சொல்லவேண்டிய கேள்வி; வந்த பதில் இரண்டும் இல்லை. கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை," என்று சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அதன்பின் மொழிபெயர்க்கப் பயிற்சி பெற்றவர்களை மட்டுமே அழைத்தார்கள். மங்களம் தரை துடைப்பதோடு நின்றாள். ஒரே நினைப்பு அவளை அரித்தது. அந்த மலாய்க் கேள்வி சதாசிவத்துக்கு நேரடியாகவே புரிந்திருக்குமோ? அவள் கேட்கப் பயப்படுவதைப் பார்த்துத்தான் அவரும் சொல்லாமல் விட்டாரோ?

முப்பதாம் நாள் காரியம் முடிந்து குமுதா மையத்துக்கு வந்தாள். முகப்பில் மங்களத்தைப் பார்த்ததும், "அக்கா, அப்பா இங்க என்ன பேசுவாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

மங்களம் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மாற்றிச் சொன்ன கேள்வியை ஒளிக்காமல் சொன்னாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பக்கத்தில் நின்றாள்.

குமுதா கைப்பையின் பட்டையைத் திருகினாள்.

"நானும் கேக்கலக்கா," என்றாள். "தெனம் வேலைலேர்ந்து வந்து, சாப்டீங்களாப்பான்னு மட்டுந்தான் கேட்டேன். சாப்டேம்மான்னு சொல்வாரு."

சொல்லிவிட்டு அழுதாள். மங்களம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை இருந்தாள்.