சல்லிக் கடற்கரையில் இன்று பறக்காத பட்டங்கள்

சில்லுப் பூட்டி உருளும் பலகையில் ஏறி நின்று, பட்டம் இழுக்க இழுக்க மணலில் ஓடும் போட்டி. அதை நடத்தப்போகிறோம் என்றபோதே ஊர் சிரித்தது. விபத்துக் காப்புறுதி இல்லாமல் நடத்தமாட்டோம் என்றபோது இன்னும் சிரித்தது.

இன்று காப்புறுதி அலுவலர் ஒருவர் இடம் பார்க்க சல்லிக்கு வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மணலில் கருவாடு இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் இருவர் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒருக்கா ஓடிக் காட்டுங்கோவன்" என்றார் அலுவலர்.

பட்டத்துக்கு ஏற்ற நல்ல கச்சான் காற்று. ஓட்டக்காரர்கள் பலகையில் ஏறிவிட்டார்கள். எங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளர், மூதூர் ரிஸானா, சிவப்புக் கொடியைத் தூக்கினாள்.

"பட்டம் போற பக்கம் ஆக்கள் நிக்கிறாங்க. ஏலாது."

"நாங்கள் தள்ளி நிக்கிறம் பிள்ளை" என்றார் கருவாட்டுக்கார அக்கா.

"நீங்க ஆறுதலா அள்ளி முடிங்க அக்கா. நாங்க நிக்கிறம்."

அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்குப் பதற்றம். "ரிஸானா, ஒரே ஒரு ஓட்டம்" என்று கெஞ்சினேன்.

"சிவப்புக் கொடி ஏறினா, நீங்க சொன்னாலும் இறக்கக் கூடாதெண்டு சொன்னது யாரு அண்ணா?"

நான்தான்.

அலுவலர் காத்திருக்கவில்லை. வாகனத்தில் ஏறும்போது மட்டும் சொன்னார்: "காப்புறுதி தரலாம். ஆனா கொடி அந்தப் பிள்ளையிட கையிலதான் இருக்கவேணும்."

பட்டம் பார்க்க வந்தவர் அக்காவிடம் வாங்கிய ஒரு பை கருவாட்டோடு போனார். நடக்காத ஓட்டத்துக்கு இவ்வளவு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிற ஆள் திருகோணமலையில் நான் மட்டும்தானா?