ஆல்ட்டோ வரிசையின் ஓரம்

என் தம்பி ரெஜித்துக்கு மைக்செட் தொழில். பாறசாலையிலிருந்து பனச்சமூடு வரைக்கும் கோயில் உற்சவம் என்றாலும் சபைக் கன்வென்ஷன் என்றாலும் அவனுடைய ஸ்பீக்கர் பாக்ஸ்கள்தான் நிற்கும். கூட்டமாகப் பாடும்போது யாருடைய சுருதி விலகியது என்று மிக்சருக்குப் பின்னால் இருந்தபடியே சொல்லிவிடுவான். நான் எட்டாம் வகுப்போடு தையலுக்குப் போனவள். அவனைத் தனுவச்சபுரத்தில் ஐ.டி.ஐ. படிக்கவைத்தது என் தையல் மிஷின்தான். பஸ்ஸில் யாராவது என்னைக் காட்டி, “ரெஜித்துக்க அக்காவாக்கும்” என்று சொன்னால், இறங்கும் இடம் வரை எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அப்படிப்பட்டவன் ஹெட்போன் வாங்கப் போகிறான் என்று தெரிந்ததும் அப்புக்குட்டன் விடவில்லை. தம்பியோடு பாக்ஸ் சுமக்கிறவன், வாய் ஓயாதவன்.

“நாட்டுக்காரங்க செவியெல்லாம் பொட்டிச்சாச்சு. இனி தனக்க செவிக்கு ரெண்டு குட்டிப் பாக்ஸா அண்ணா?”

ரெஜித் சிரித்தான். லிஜா போனபிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

லிஜா அவன் மனைவி. மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அவள் பேசி அனுப்பியது போனில் நிறைய உண்டு. வரும்போது மத்தி வாங்க வேண்டும், மகள் ரெஷ்மாவுக்கு ஸ்கூலில் மீட்டிங் உண்டு, இப்படி. பாடியது மட்டும் இல்லை. அவள் எங்கள் சபைக் கொயரில் ஆல்ட்டோ. மெட்டைப் பாடுவது சோப்ரானோக்காரிகள். ஆல்ட்டோ அதற்குக் கீழே நின்று பாட்டைத் தாங்கும். ஆண்களில் டெனரும், அடிக்குரலான பாஸும். தனியாக ஒரு வரி பாடு என்று நான் கேட்டால் மறுத்துவிடுவாள்.

“அது மட்டும் பாடினா பாட்டாட்டே இருக்காது அக்கா. நீங்க கை மட்டும் வெட்டி வச்ச சட்டபோல இருக்கும்.”

அவள் பாடியதாக மிச்சம் இருப்பது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. போன வருடம் சபையில் வைத்து ரெஜித்தே பதிவு செய்தது. ஒவ்வொரு குரல் வரிசைக்கும் ஒரு மைக் வைத்து, அப்போதே எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டான். இனி அதைப் பிரிக்க முடியாது.

அன்றைக்கு நானும் பெஞ்சில் இருந்தேன். லிஜா வழக்கம்போல வரிசையின் நடுவில், மைக்குக்கு நேராக நின்றாள். கொயர் மாஸ்டர் வேதமாணிக்கம் சார் எல்லாரும் கேட்கச் சொன்னார்:

“எலே ரெஜித்து, ஒனக்க பெண்டாட்டிக்க மைக்க மட்டும் கூட்டிராதே. பின்ன பாஸ் பாடுற எங்கள ஆரு கேப்பா?”

எல்லாரும் சிரித்தார்கள். ரெஜித்துக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய் லிஜாவை வரிசையின் ஓரத்துக்கு, தூண் பக்கம் நகர்த்திவிட்டு, அங்கே நின்ற இன்னொரு ஆல்ட்டோக்காரி மினியை மைக்குக்கு நேராக நிறுத்தினான்.

“நம்மள வெளிய தள்ளியாச்சு கேட்டியளா அக்கா,” என்று லிஜா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

தன் வீட்டுக்காரிக்குக்கூடச் சலுகை காட்டாதவன் என்று எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அவள் போனபிறகு அந்தப் பாட்டைப் போனில் போட்டு, போனோடு வந்த இயர்போனை மாட்டிக்கொண்டு தினமும் கேட்டான். ஸ்பீக்கரில் போட முடியாது. பாட்டு காதில் விழுந்தால் ரெஷ்மா தூக்கத்திலிருந்து எழுந்து அம்மாவைத் தேடுவாள். நான்கு குரலும் கலங்கிய அந்தச் சத்தத்தில், உள்ளே மெலிதாக ஒரு குரலை அவன் கண்டுபிடித்திருந்தான்.

“லிஜாதான். அம்புட்டு தள்ளி நின்னும் எட்டிருக்கு பாத்தியளா அக்கா!” என்பான். அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் தெளிந்தால் போதும் அவனுக்கு. அதற்குத்தான் ஹெட்போன்.

ரெஷ்மாவை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் வேறு ஏதோ பாட்டைப் போட வந்தார். ரெஜித் தன் பென்டிரைவைக் கொடுத்தான். முதல் ஹெட்போனில் பாஸ்காரர்கள் வந்து எல்லாரையும் மூடினார்கள். அடுத்ததில் சோப்ரானோ காதைக் குத்தியது. மூன்றாவது நன்றாக இருந்தது. ஆனால் அதன் காதுமூடிகளின் முதுகுப் பக்கம் மூடாமல் திறந்திருந்தது.

“அக்கா, பக்கத்துல வந்து செவி கொடுங்க. வெளிய கேக்கா?”

கேட்டது. “ரெஷ்மா எந்திரிச்சிருவா மக்கா,” என்றேன். அதையும் வைத்துவிட்டான்.

கடைசியில் முதுகு மூடிய ஒன்று. அதற்குப் போனின் வலு போதாது, தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றார்கள். ரெஜித் பாட்டை நிறுத்திவிட்டு முதலில் வெறும் இரைச்சல் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தான். பிறகு குமிழை அடிமட்டத்துக்குத் திருகினான். மட்டமான ஆம்ப்ளிஃபயர் என்றால் சத்தத்தைக் குறைக்கும்போது ஒரு காதில் கூடும், ஒரு காதில் குறையும். ராத்திரி மெதுவாகக் கேட்கிறவனுக்கு அது ஆகாது என்று எனக்கு விளக்கினான். ஒன்றில் அப்படித்தான் இருந்தது. இன்னொன்றில் இரண்டு காதும் ஒத்து வந்தன. துணியை நூல் பிடித்து வெட்டுவதுபோல அவன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

பாட்டைப் போட்டுக் கண்ணை மூடினான். “இந்தா, வேதமாணிக்கம் சார் இஞ்ச நிக்காரு,” என்று கையால் இடது பக்கம் காட்டினான். கை அப்படியே நின்றுவிட்டது. ஹெட்போனைக் கழற்றினான். மறுபடியும் மாட்டி, முதலிலிருந்து கேட்டான்.

“எடுத்துக்கிடுவோம்,” என்றான்.

பஸ் நெய்யாற்றின்கரை தாண்டியது. நான்தான் கேட்டேன்.

“லிஜா தெளிஞ்சாளா மக்கா?”

“அது லிஜா இல்லக்கா. மினியாக்கும்.”

மினி வரி முடிகிற இடத்தில் மூக்கால் ஒரு சின்ன இழுப்பு இழுப்பாள். கொயரில் அதைச் சொல்லி அவளைக் கேலி செய்வதும் உண்டு. போனோடு வந்த இயர்போனில் அந்த இழுப்பு தெரியவில்லை.

“அப்ப இத எதுக்குல வாங்கின?”

“ஓரத்துல எங்கயாவது அவ இருப்பா. தேடணும்.”

தேடினான். பக்கத்தில் நின்றாலும் ஒரு சத்தம் வெளியே வராது. அவ்வளவு நல்ல பொருள். பாடினவர்கள் எல்லாரும் தனித்தனியாகக் கிடைத்தார்கள். யாரோ புத்தகத்தில் பக்கம் திருப்பியதும், தூண் பக்கம் மேலே ஃபேன் சுற்றியதும்கூடக் கிடைத்தன. அந்தத் தூணடியில் நின்றவள் கிடைக்கவில்லை. அந்த மைக்கை வைத்தவன் அவன். எது எட்டும், எது எட்டாது என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் ஹெட்போனைப் பெட்டியில் வைத்துவிட்டு, பழைய இயர்போனைத் தேடி எடுத்து மாட்டியிருந்தான். பழையபடி கலங்கலாகக் கேட்டால் லிஜா திரும்ப வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான்போல. அவனாகவே சொன்னான்: “இதுலயும் இப்ப மினிதான் அக்கா.”

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். ரெஷ்மா என் கையைப் பிடித்திருந்தாள். மினி ஓடி வந்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

“புது ஹெட்போன் வாங்கினியளாமே! நம்ம பாட்டுப் போட்டுக் கேட்டியளா? எனக்க கொரல் கொள்ளாமா, நல்லாருக்கா?”

அவளை எப்படியாவது அப்பால் அழைத்துப் போய்விட வேண்டும் என்று பார்த்தேன். ரெஜித் தலையைக் குனிந்து ரெஷ்மாவின் ரிப்பனைச் சரி செய்தான். பிறகு நிமிர்ந்தான்.

“கேட்டேன். நல்லா பாடிருக்கிய. ஒரு எடத்துலயும் சுருதி வெலகல்ல.”

“லிஜாக்க கொரலும் கேக்குமே? எனக்கு அந்தப் பக்கம் ஓரத்துலதானே நின்னா.”

“உண்டு,” என்றான் ரெஜித். “அவளும் உண்டு.”