இருவரும் ஒரே நபரா?

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள் அவள். "இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி போட்டதா?" என்று நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பாள். யாராவது திணறினால், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மனதுக்குள் அலுத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள்தான் வீட்டுக் கணினிக்கு ஒரு போட்டோ மென்பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாமல் மூன்று வாரம் இருப்புக்கொள்ளாமல் அலைந்தாள்.

பதினெட்டு வருடப் படங்கள், சிறு வயதுப் படங்களின் ஸ்கேன் உட்பட, தலைகால் புரியாமல் குவிந்து கிடந்தன. கணினி பழுது பார்த்தவர், "முதல்ல வேற டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து வைங்கம்மா. அப்புறம் அடுக்குறதுக்கு நல்ல சாப்ட்வேரா ஒண்ணு பாத்து போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பியை ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அன்றைக்கே மென்பொருள் வேட்டையில் இறங்கினாள்.

முதலில் போட்டது முகம் பார்த்து ஆள் வாரியாகப் பிரிக்கும் என்றார்கள். பிரித்தது. ஆனால் அவள் இரட்டைப் பிறவி. பதினொரு நிமிடம் மூத்த அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். மென்பொருள் இருவரையும் ஒரே குவியலில் போட்டுவிட்டு, "இருவரும் ஒரே நபரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. இல்லை, இல்லை என்று அழுத்திக்கொண்டே வந்தாள். அரை மணி நேரத்தில் அது குழம்பிப்போய், அவள் கல்யாணப் படத்திலேயே அவளுக்கு அக்கா பெயரைச் சூட்டியது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அத ஏன் திட்டுற? நானே கல்யாணப் புதுசுல உங்கக்காகிட்ட போயி சட்டைக்குப் பட்டன் தைக்கச் சொன்னவன்."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு" என்று எழுந்து போனாள். தண்ணீர் குடித்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். மறுபடி வந்து உட்கார்ந்து அந்த மென்பொருளை அழித்தாள்.

இரண்டாவது மென்பொருள் படங்களைத் தானே திருத்தித் தரும். காலையில் மொத்தப் படங்களையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு அவசரமாகக் கடைக்கு ஓடினாள். மதியம் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"உங்கக்கா புருவத்துல தழும்பு இருக்குமே, எந்தப் படத்துலயும் காணோம்."

ஒன்பது வயதில் ஊஞ்சல் பலகை மோதி வந்த தழும்பு அது. பழைய படங்களில் யார் யார் என்று சொல்ல அவளிடம் இருந்த ஒரே அடையாளம். மென்பொருள் அதைக் கறை என்று எண்ணித் துடைத்துவிட்டிருந்தது. காப்பியும் எடுக்கவில்லை. அதன் பிறகு கடையில் அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு ஒரே லென்ஸை மூன்று முறை போட்டு, "இதுவா, அதுவா?" என்று கேட்டாள். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்று அவர் பாவமாகச் சொன்ன பிறகுதான் உறைத்தது. தலைவலி என்று சொல்லிப் பாதியிலேயே கிளம்பினாள்.

நல்லவேளை, வீட்டுக்கு வந்து பார்த்தபோது அந்த மென்பொருளே அசல் படங்களைத் தனி போல்டரில் பத்திரமாக வைத்திருந்தது. முதல் காரியமாக அவற்றைக் காப்பி எடுத்தாள். அது முடியும்வரை நாற்காலியில் உட்காரவே இல்லை.

மூன்றாவதாக ஒன்றைப் போட்டாள். முகம் தேடாது, தானாக எதையும் திருத்தாது. பெயரை நாமே எழுதினால் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். தழும்பு வந்ததற்குப் பிந்தைய படங்கள் சுலபமாக முடிந்தன. எட்டு வயதுப் படம் ஒன்றில் கை நின்றது. ஒருத்தி ஓட்டப் பந்தயக் கோப்பையோடு நிற்கிறாள், பக்கத்தில் இன்னொருத்தி மூக்கு ஒழுக அழுகிறாள். அதை அக்காவுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

"கப் வச்சிருக்கறது நான்தானே?"

"ஆசையப் பாரு! ஓடினது நான்டி. நீ பாதியிலயே உக்காந்துட்ட."

"பொய் சொல்லாத. உனக்கு நிஜமா ஞாபகம் இருக்கா?"

"அம்மா இருந்திருந்தா பாத்ததும் சொல்லியிருப்பா" என்றாள் அக்கா.

தழும்புக்கு முந்தைய படங்கள் இருநூற்றுக்கு மேல் இருந்தன. அவற்றில் எதில் தான் இருக்கிறோம் என்று தனக்கே தெரியாது என்பது அன்றுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. போனைக் காதில் வைத்தபடியே எழுந்து கூடத்தில் மேலும் கீழுமாக நடந்தாள்.

"லைன்ல இருக்கியா?" என்றாள் அக்கா. "சனிக்கிழமை நான் வர்றேன். அதுக்குள்ள நீயா எதையாவது எழுதித் தொலைக்காத."

சொன்னபடியே வந்தாள். கணினி முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டவள் எழுந்திருக்கவே இல்லை. இவள் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். மாலைக்குள் நாற்பது படங்களுக்குச் சண்டை போட்டுப் பெயர் வைத்தார்கள். மீதிக்கு இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். கோப்பைப் படத்தை மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அது இன்னும் பெயரில்லாமலே இருக்கிறது.