ஒத்துப்போன வருஷம்

லிஃப்ட் பழுது பார்க்கிறவரிடம் யாரும் சினிமா விமரிசனம் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்லாமல் விட்டுவிடுவாரா? நம் லிஃப்ட்காரர் அந்த ரகமில்லை. அடுக்குமாடிகளிலும் அலுவலகங்களிலும் எங்கே லிஃப்ட் நின்றாலும் கறுப்புப் பெட்டியோடு வந்து நிற்பார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், படியேற மனமில்லாமல் காத்திருப்பவர்களை ஒரு நோட்டம் விடுவார். "நேத்து அந்தக் கலங்கரை விளக்கம் படம் பார்த்தீங்களா?" என்று ஆரம்பிப்பார். பார்த்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பார்க்காதவர்கள் இன்னும் நன்றாக மாட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு முறை ஒரு கணக்குத் தணிக்கையாளர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார். கதவிடுக்கு வழியாக அவருக்குத் தைரியம் சொல்லப் போன லிஃப்ட்காரர், அந்த வருடத்துச் சிறந்த நடிகர் விருது ஏன் தப்பான ஆளுக்குப் போனது என்பதை விளக்கி முடித்த பிறகுதான் கதவைத் திறந்தார். வெளியே வந்த தணிக்கையாளர், "உள்ளேயே இருந்திருக்கலாம்," என்றாராம். இதைச் சொல்லிச் சிரிக்கிறவரும் லிஃப்ட்காரரேதான்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர். ஆனால் அவர் வீட்டிலேயே, முயலுக்கு நாலு கால் என்று எண்ணிக் காட்டுகிற ஆள் ஒருத்தி இருந்தாள். அவர் மனைவி.

அவள் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்துக்கொண்டு நகரும் பட்டையில் ஓடி வரும். பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் அடிக்கும். கீறலோ குமிழியோ இருக்கிற பாட்டிலை மட்டும் பொறுக்கித் தூக்கி எறிய வேண்டும். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கு வந்து டிவி பார்ப்பாள். கதாநாயகி கதறி அழுதுகொண்டிருக்க, லிஃப்ட்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, அவள் கேட்பாள்: "கதவ உள்ள பூட்டிட்டுத்தானே அழறா? அப்ப இவன் எப்படிங்க உள்ள வந்தான்?" அவ்வளவுதான், அழுகை போன இடம் தெரியாது.

கல்யாணமான புதிதில் பார்த்த முதல் படத்திலேயே சண்டை. இடைவேளையில் கொலைகாரன் இவன்தான் என்று சொல்லிவிட்டாள். அவர் படம் முடியும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னவன்தான் கொலைகாரன் என்று தெரிந்ததும் இன்னும் உயரத் தூக்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது. மற்ற விஷயங்களில் இருவருக்கும் பெரிய வழக்கு வம்பு கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்தபோதுகூட ஒரு வார்த்தை தடித்ததில்லை. சினிமா, சீரியல் என்று வந்துவிட்டால் மட்டும் எலியும் பூனையும்.

வருடாவருடம் படங்களுக்கும் தொடர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிற பெரிய விருது ஒன்று உண்டு. அதன் பரிந்துரைப் பட்டியலை டிவியில் வாசிக்கிற ஞாயிறுதான் அவர்கள் வீட்டில் விசேஷ நாள். காலையிலேயே வேலைகளை முடித்துவிட்டு, ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் அவர் ஒருவரைச் சொல்வார், அவள் இன்னொருவரைச் சொல்வாள். விருது நாளன்று தோற்கிறவர்தான் அந்த மாதம் முழுக்கக் காலையில் டீ போட வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா சத்தத்தை வைத்தே, "ஓ, பட்டியல் வந்துடுச்சா?" என்று தெரிந்துகொள்வாள்.

இந்த வருஷமும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். சிறந்த தொடர் என்று முதல் பிரிவு வந்தது. லிஃப்ட்காரர் பல மாதமாக உயிரை விட்டுப் பார்த்த கோர்ட் சீரியலின் பெயர் இருந்தது. அவர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இதுக்குக் கெடைக்கலன்னா மீசைய எடுத்துடறேன். அந்த வக்கீலம்மா வாதாடறதப் பார்த்தா நமக்கே ஒரு கேஸ் போடலாமான்னு தோணுது. என்ன சொல்ற?"

மனைவி டிவியைப் பார்த்தபடியே, "ஆமாங்க. நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

சண்டைக்கு மூச்சை இழுத்து வைத்திருந்தவருக்கு அந்த மூச்சை என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் தரை வருமே, அப்படி இருந்தது. சரி, முதல் ஓவரிலேயே அடிக்க வேண்டாம் என்று இருக்கிறாள் போலும் என்று உட்கார்ந்தார்.

சிறந்த நடிகர் வந்தது. அவர் கலங்கரை விளக்கக்காரரைச் சொன்னார். ஆமாங்க. துணை நடிகை வந்தது. வேண்டுமென்றே, நடிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஒரு பெண்ணைச் சொன்னார். அதற்கும் ஆமாங்க.

வேற்றுமொழிப் படம் என்ற பிரிவு வந்தபோதுதான் அவருக்கு உயிர் வந்தது. வீட்டை விற்பதா வேண்டாமா என்று ஒரு வயதான தம்பதி படம் முழுக்க யோசிக்கிற கதை ஒன்று அதில் இருந்தது.

"அது படமா? ரெண்டு பேரும் உட்கார்றாங்க, எழுந்துக்கறாங்க, சூப் குடிக்கறாங்க. நான் பாதியில தூங்கிட்டேன்," என்று அவள் முகத்துக்கு நேரே குனிந்து சத்தம் போட்டார்.

"தூங்கினவருக்கு என்ன தெரியும்?" மனைவி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "வீட்ட விக்க வேணாம்னு அந்தம்மா ஒரு தடவகூட வாயத் தொறந்து சொல்லல. ஆனா வீடு பாக்க வர்றவங்கிட்ட எல்லாம், இங்க ஒழுகுது, அங்க எலி இருக்குன்னு சொல்லி அனுப்பிடறா. அவருக்கு அது கடைசி வரைக்கும் புரியல. எனக்கு முதல் ஆள் வந்தப்பவே புரிஞ்சு போச்சு. ஆம்பளைங்களுக்கு எதுதான் புரிஞ்சிருக்கு?"

அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் சாப்பாடு ஆறும்வரை சண்டை போட்டார்கள். லிஃப்ட்காரர் உள்ளுக்குள் பூரித்துப் போனார். அடுத்த பிரிவு வந்தது. மறுபடி, ஆமாங்க.

அன்று முழுக்க அவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. என் பேச்சு அவளுக்குச் சலித்துவிட்டதா? எதிர்த்துப் பேசுகிற அளவுக்குக்கூட நான் முக்கியமில்லையா? இத்தனை வருஷம் கழித்து ஒரு பெண்பிள்ளை திடீரென்று புருஷனுக்கு ஆமாம் சாமி போடுகிறாள் என்றால் ஒன்று அவளுக்கு உடம்பு சரியில்லை, அல்லது மனம் விட்டுப் போயிருக்க வேண்டும். மகளிடம் போனில் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தார். "உங்கம்மா என் பேச்சைக் கேட்கிறாள்" என்று எந்த மனிதன் புகார் சொல்வான்?

மறுநாள் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் வேலை. அங்கே காவலாளி அவருக்குப் பழக்கம். அவரிடம் மட்டும் லேசாகச் சொன்னார்.

"சார், நீங்க குடுத்து வெச்சவரு," என்றார் காவலாளி. "எங்க வீட்ல நான் மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட வெளிய கைய நீட்டிப் பாத்துட்டுத்தான் ஒத்துக்குவாங்க."

இவரிடம் சொல்லி என்ன பயன் என்று லிஃப்ட்காரர் மொட்டை மாடியில் இருக்கிற மோட்டார் அறைக்கு ஏறினார். மோட்டாரில் ஏதோ ஒரு பேரிங் கெட்டுக்கொண்டிருந்தது. எது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு முறை உண்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொள்வார். இரைச்சலெல்லாம் போய், உள்ளே ஓடுகிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். ஆரோக்கியமான பேரிங் எது, ஆறு மாதத்தில் படுக்கப் போகிற பேரிங் எது என்று அதை வைத்தே சொல்லிவிடுவார்.

அப்படிக் காதை வைத்துக்கொண்டிருந்தபோது காவலாளி வாசலில் வந்து நின்று ஏதோ கேட்டார். மோட்டார் இரைச்சலில் வாய் அசைவதுதான் தெரிந்தது. வேலை நடுவில் எழுந்து போய் யார் கேட்பது? லிஃப்ட்காரர் தலையை ஆட்டி, "ஆமா, ஆமா," என்றார். காவலாளி மறுபடி ஏதோ கேட்டார். "ஆமாங்க," என்றார் இவர். காவலாளி உள்ளே வந்து காதருகில் கத்தினார்:

"சார், சாப்டாச்சா, இனிமேதானான்னு கேட்டா, ரெண்டு தடவயும் ஆமாங்கறீங்களே!"

லிஃப்ட்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வேற்றுமொழிப் படத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. அவள் வாசித்துப் பார்த்த படம் அது. வாயைத் திறந்து சண்டை போட்டதும் அந்த ஒரு படத்துக்குத்தான். மகள் போன் செய்தால் கொஞ்ச நாளாக, "நீங்களே பேசுங்க" என்று அவரிடம் நீட்டிவிடுகிறாள். அசதி என்று நினைத்திருந்தார். டிவி சத்தத்தை அவள் கூட்டி வைப்பாள், அவர் முணுமுணுத்துக்கொண்டே குறைப்பார். எத்தனையோ வருஷமாக அந்தப் பாட்டில் இரைச்சலுக்கு நடுவில் நிற்கிறவள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி தான் கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி. ஊரில் உள்ள பேரிங்குக்கெல்லாம் காது கொடுத்தவர், வீட்டில் பக்கத்து நாற்காலியைக் கவனிக்கவில்லை. அவருக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடியில் ஒரு நிம்மதியும் இருந்ததை மறைப்பானேன்? அவளுக்கு அவர் சலித்துப் போகவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலிருந்தே சாதாரணக் குரலில் சொன்னார்: "அந்த வயசான ஜோடி படம் மாதிரி ஒரு குப்பைய நான் பார்த்ததே இல்ல."

அவள் திரும்பவில்லை. போர்வையின் மூலைகளைச் சரியாகச் சேர்த்து, மடித்து, அடுக்கின்மேல் வைத்தாள்.

அவர் போய் அவளுக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா கேக்கல?"

அவள் எது என்று கேட்கவில்லை. ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள். "சுத்தமா கேக்கலன்னு இல்ல. பேசறது கேக்குது. என்ன பேசறாங்கன்னுதான் தெரியல."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாம என்ன? சீரியல் ஓடறப்ப, என்ன சொன்னான், என்ன சொன்னான்னு உங்ககிட்டதான் கேப்பேன். மொதல்ல சொல்லிட்டு வந்தீங்க. அப்பறம், 'இரு, முடியட்டும்'னீங்க. முடிஞ்சப்பறம் உங்களுக்கு மறந்துடும்." அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனிகூட இல்லை. அதுதான் அவரைக் குத்தியது. "நானும் எத்தன தடவ கேக்கறது? ஆமான்னுட்டா நீங்களும் சந்தோஷமா இருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

"சந்தோஷமா? ராத்திரி எனக்குச் சோறு எறங்கல!"

"ரெண்டாவது தடவ போட்டுக்கிட்டீங்களே."

"அது கவலையில சாப்டது."

அவள் சிரித்துவிட்டாள். அவருக்குக் கண் கலங்கியது. சீரியலுக்கே அழுகிறவர், இதற்கு அழாமல் இருப்பாரா?

டிவியில் எழுத்து வர வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெரிய பெரிய மோட்டாரையெல்லாம் பிரித்துப் போடுகிறவர் ரிமோட்டிடம் தோற்று, மகளுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டார். பிறகு கோர்ட் சீரியலை முதலிலிருந்து போட்டார். நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். தலையைச் சற்று முன்னுக்குத் தள்ளி, பட்டையில் பாட்டில் ஓடுவதைப் பார்க்கிற அதே கண்ணோடு அவள் எழுத்துகளைப் பார்த்தாள். லிஃப்ட்காரர் சீரியலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பகுதியில் அவள் கையை நீட்டினாள். "நிறுத்துங்க."

"என்ன?"

"இந்த வக்கீலம்மா தேடற சாட்சி எதிர் வீட்லயேதானே குடியிருக்கான்? ஜன்னலத் தொறந்து ஒரு தடவ பார்த்தா கேஸ் முடிஞ்சுடும். இதுக்கா மீசைய எடுக்கறேன்னீங்க?"

"அது... அவங்க ஜன்னல் பக்கமே போக மாட்டாங்க. சின்ன வயசுல ஒரு பயம்..."

"போன பகுதியில ஜன்னல் ஓரமா நின்னுதானே அழுதா? எழுத்துல போட்டானே, மழைச் சத்தம்னு!"

லிஃப்ட்காரர் எழுந்து நின்றுவிட்டார். வாதாட வாய் ஓடியது, உள்ளே மனம் குதித்தது. வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த கதைதான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து, "பட்டியல் நேத்தே வந்துடுச்சே, இன்னும் முடியலயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

காது டாக்டரிடம் போக அவள் முதலில் மறுத்தாள், பிறகு தள்ளிப் போட்டாள், கடைசியில் போனாள். காதுக்குப் பின்னால் பொருத்துகிற சின்ன மெஷின் வந்தது. அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளுக்கு முதலில் கேட்டது ஃப்ரிட்ஜ் உறுமுகிற சத்தம். இரண்டாவதாகக் கேட்டது புருஷன் டீ உறிஞ்சுகிற சத்தம். "இத்தன நாளா இப்படியா குடிச்சுக்கிட்டிருந்தீங்க?" என்றாள். அவர் அதற்கும் ஒரு வாதம் வைத்தார்.

விருது நாள் வந்தது. பழைய ஆமாங்க எல்லாம் செல்லாது என்று அவள் முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். ஒவ்வொரு பிரிவுக்கும் புதிதாக, அவருக்கு நேர் எதிராக ஒருவரைச் சொன்னாள். மெஷினும் மாட்டியிருந்தாள், எழுத்தும் ஓடியது. எதையும் விட்டுவிட அவள் தயாராக இல்லை. வயதான தம்பதி படத்துக்கு விருது கிடைத்தபோது அவள் கைதட்டிய தட்டலில் அவருக்கே காது அடைத்தது. கடைசியாகச் சிறந்த தொடரை அறிவித்தார்கள். கோர்ட் சீரியல்.

லிஃப்ட்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். மனைவி டிவியை முறைத்தாள்.

"எதிர் வீட்டு ஜன்னலக்கூடப் பார்க்கத் தெரியாதவளுக்கு விருதா? அந்தத் தேர்வுக் குழுவுக்குத்தாங்க மொதல்ல மெஷின் மாட்டணும். என்ன சொல்றீங்க?"

யோசித்துப் பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்றாவது பகுதியிலிருந்தே அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. 'ஆமா' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லிஃப்ட்காரர் அதை மென்று விழுங்கிவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அதெப்படி? நான் ஒத்துக்க மாட்டேன்."