நாற்பத்தொரு முறை மறுத்த ஞானத்தாய்

காப்பிக் கொட்டையின் தோலை நகத்தால் உரித்து, கடைவாயில் வைத்துக் கடிக்கிறார் காசில்டா. 'டக்'கென்று உடைந்தால் மூட்டை உள்ளே போகும். பல் பதிந்தால் வெளியே. ஈரம் பார்க்கும் மெஷினும் மேசையில் இருக்கத்தான் இருக்கிறது. தன் பல் சொன்னதையே அதுவும் சொல்கிறதா என்று கடைசியில் ஒரு பார்வை பார்ப்பார்.

ஹோண்டுராஸ் மலையிலிருக்கும் இந்த விவசாயிகள் சங்கத்தில் பதினாறு வருஷமாக அவர்தான் தரம் பார்க்கிறார். அதனாலேயே ஊரில் எங்கே குழந்தை பிறந்தாலும் முதலில் அவரிடம்தான் ஓடி வருவார்கள். "ஞானஸ்நானத்துக்கு நீங்கதான் அக்கா ஞானத்தாயா நிக்கணும்." நின்றுவிட்டால் அந்த வீட்டோடு சம்பந்தி மாதிரி உறவு. அப்புறம் அந்த வீட்டு மூட்டையை எந்த வாயால் வேண்டாம் என்பது? இதுவரை நாற்பத்தொரு பேரிடம் தப்பித்திருக்கிறார். ஒருவரிடம் முழங்கால் வலி, இன்னொருவரிடம் "எனக்கு ஜெபமெல்லாம் மறந்துபோச்சுப்பா." ஆனால் விருந்துக்குத் தவறமாட்டார். கோவிலில் கடைசி பெஞ்சு, பந்தியில் முதல் வரிசை. அது மட்டும் சரியா என்று கேட்டால், "வயித்துக்கு நன்றி விசுவாசமெல்லாம் கிடையாது" என்பார்.

பள்ளிக்கூடத் தோழி பெட்ரோனாவிடம்தான் பாச்சா பலிக்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவருக்குப் பிறந்த பெண் குழந்தை. "முழங்கால் கதைய ஊராங்கிட்டச் சொல்லு. எம் பொண்ணுக்கு நீதான்." காசில்டா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, வெள்ளை நூல் வாங்கிக் குல்லாய் பின்ன ஆரம்பித்தார். யாராவது வந்தால் அதை மேசை இழுப்பறையில் திணித்துக்கொள்வார். பிள்ளை இல்லாத மனுஷிக்கு ஆசை இருக்காதா, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். வியாழக்கிழமை பெட்ரோனா குழந்தையும் எட்டு மூட்டையுமாக வந்து நின்றார். காசில்டா கடித்தார். பல் பதிந்தது. வேறு மூட்டையில் எடுத்துக் கடித்தார். அதுவும் பதிந்தது. இந்த மெஷின் ஒரு தடவையாவது தன்னை எதிர்த்துப் பேசாதா என்று ஏக்கத்தோடு அதைத் திருப்பிப் பார்த்தார். அது அவர் பக்கமே நின்றது.

"ஈரமா இருக்குடி. ரெண்டு நாள் வெயில்ல போடு."

"இன்னிக்குச் சாயங்காலம் லாரி போயிடுமே. அடுத்த கப்பல் எப்பவோ."

"எல்லார் மூட்டையும் ஒரே கப்பல் பெட்டியில போகுது. உன்னோடது பூஞ்சணம் பிடிச்சா ஊரோடதே திரும்பி வரும்."

"ஞாயித்துக்கிழமை நிக்கப்போறவ பேசற பேச்சாடி இது?"

காசில்டா ஒரு நிமிஷம் இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நிக்கல, பெட்ரோனா. வேற ஆளப் பாரு."

பெட்ரோனா குழந்தையைக் காசில்டாவின் மடியில் பொத்தென்று வைத்துவிட்டு, மூட்டைகளை வெயிலில் போடத் தானே வெளியே இழுக்கப் போனார்.

குழந்தை காசில்டாவின் வலது ஆள்காட்டி விரலை இறுகப் பிடித்துக்கொண்டது. அவர் விரலை உருவவில்லை. சாக்கட்டியை இடது கையில் எடுத்து, கைக்கெட்டிய பெட்ரோனாவின் மூட்டையில் 'ஈரம்' என்று கோணல்மாணலாக எழுதினார்.