ஒரு கிரான், இரண்டு கிரான்ஸ்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவனைச் சுத்தியல் என்றுதான் கூப்பிட்டார்கள். தாள் அழுத்தும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். வாய் பேசுவதற்கு முன் கை பேசிவிடும். வாயிற்காவலாளியின் பல்லை உடைத்திருக்கிறான். தேநீர் ஆறிப்போனதற்காகக் கடைக்காரரின் மேசையைக் கவிழ்த்திருக்கிறான். மறுநாள் அவனே போய் மேசைக்குக் கால் பொருத்திக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்பது மட்டும் அவனுக்கு வராது.

ஆங்கிலம் அவனுக்குக் கொஞ்சம்தான் தெரியும். அதில் ஒரு விதி மட்டும் மண்டையில் நன்றாக ஏறியிருந்தது: கடைசியில் 'ஸ்' வந்தால் பல, எடுத்துவிட்டால் ஒன்று. எனவே ஒரு ஜெராக், இரண்டு ஜெராக்ஸ். கூடத்தில் முதுகோடு முதுகாக, நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளியில் நின்ற இரண்டு இயந்திரங்களின் நெற்றியிலும் 'கிரான்ஸ்' என்று கம்பெனிப் பெயர் பொறித்திருந்தது. ஒன்றை அவன் கிரான் என்றான். சேர்த்துச் சொன்னால் கிரான்ஸ். அவனைத் திருத்த யாருக்குத் துணிச்சல்? நாளடைவில் கூடம் முழுக்க அப்படியே பேசியது.

அவன் தங்கையின் கணவன் புதிதாக அங்கே வேலைக்கு வந்தான். வேறொரு தொழிற்சாலையில் அதே இயந்திரத்தை ஓட்டியவன். அங்கே ஒன்று கிரான்ஸ், இரண்டு கிரான்ஸஸ்.

"மச்சான், ரெண்டு கிரான்ஸஸும் நல்லாத்தான் ஓடுது," என்றான் முதல் நாளே.

கூடமே சிரித்தது. "ஸஸ்ஸுனு இழுக்கிறாரே, மாப்பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு, யாராவது கைக்குட்டை குடுங்கப்பா," என்று சுத்தியல் அவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினான். மாப்பிள்ளையும் சிரித்துவைத்தான். பிறகு அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. மற்றவர்கள் கிரான் என்பதைக் கேட்டபோது, பெயரைச் செல்லமாகச் சுருக்குகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரமே முன் இயந்திரத்தில் தாள் சிக்கியது. சுத்தியலின் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். அவன் இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவே நுழைந்தான். முன்னதன் உருளைக்குள் கைவிட்டுத் தாளை இழுக்கும்போது, பின்னதன் உருளை தோளை உரசிக்கொண்டிருக்கும். இரண்டையும் நிறுத்தாமல் யாரும் அங்கே போக மாட்டார்கள். சுத்தியல் முன்னதன் அடியில் மல்லாந்து படுத்திருந்தான். சுவிட்சுப் பலகை அருகே நின்றவன் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, கிரான்ஸ ஆஃப் பண்ணுங்க."

"பண்ணியாச்சு மச்சான்."

"சின்னவனே, கைய விடு."

நிறுத்தப்படாத பின்னது தாள் வந்தால் மட்டும் சுழலும்; அப்போது சும்மா நின்றிருந்தது. சின்னவன் இழுத்த தாளின் நுனி அதற்குள் போனது. உருளை முதலில் சட்டையைப் பிடித்தது, பிறகு தோளை. அடியில் படுத்திருந்த சுத்தியலின் முகத்தில் சூடாக ஏதோ சொட்டியது. எண்ணெய் என்று நினைத்துப் புறங்கையால் துடைத்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள், நண்பகலில், அவன் இரும்புக் கம்பியோடு தங்கை வீட்டுப் படியேறினான். உயிரோடு விடக்கூடாது என்பதுதான் எண்ணம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மூன்றாவது உதையில் தாழ் பெயர்ந்தது. மாப்பிள்ளை அடுப்படியில் நின்றான், ஓடவில்லை. முதல் அடி முழங்கையில். இரண்டாவது முழங்காலுக்குக் கீழே. எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

"ஒண்ண மட்டும் ஏன்டா நிறுத்தின?"

"நீங்க ஒண்ணத்தானே சொன்னீங்க."

"கிரான்ஸ்னு கத்தினேன்டா."

"ஆமா, கிரான்ஸ்னுதான் சொன்னீங்க. கிரான்ஸஸ்னு சொல்லலையே மச்சான்."

கம்பி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. அவன் சொல்வது பொய்யில்லை என்று சுத்தியலுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அடுத்த அடி அதே காலில் இன்னும் பலமாக விழுந்தது. அதற்கடுத்த அடியைத் தலைக்குக் குறிவைத்துக் கம்பியை ஓங்கினான்.

தங்கை நடுவில் வந்து நின்றாள். அழவில்லை.

"அண்ணா, சின்னவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். எனக்கு இல்லாத ஆத்திரமா உனக்கு? அன்னைக்கு இவர் பேசினப்ப சிரிச்சீங்களே, இங்க இப்படித்தான் சொல்வோம்னு ஒருத்தராவது சொன்னீங்களா?"

ஓங்கிய கம்பியை அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு சாவுக்கு அழ எனக்குத் தெம்பு இல்ல. கம்பியக் கீழ போடு. இவரைத் தூக்கு."

போட்டான். அதே கைகளால் மாப்பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினான். ஒவ்வொரு படிக்கும் மாப்பிள்ளை அலறினான். தெருவில் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் யார் அடித்தது என்று கேட்டார்கள். "என் அண்ணன்தான், இதோ நிக்கிறார்," என்றாள் தங்கை. போலீஸ்காரர் வந்தபோது, எலும்பை நேராக்க ஆள் போதாமல் டாக்டர் சுத்தியலையே கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளையின் தொடையை அவன் இரு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். வலி தாங்காமல் மாப்பிள்ளை அவன் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"கிளம்பு," என்றார் போலீஸ்காரர்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றார் டாக்டர். பிறகு சுத்தியலிடம், "கைய விட்டுடாதீங்க. இன்னும் சேரல."

அவன் விடவில்லை.