லேடீஸ் ஓட்டிய வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் காரை விற்றுவிட்டேன். சொல்லும்போதே கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது. அந்தக் காசில் ஒரு மோட்டார் பைக் வரப்போகிறது. ஐம்பத்தொரு வயதில்... ஆமாம், எனக்குத்தான்.

கார் பார்க்க சாதுவான சின்ன வண்டி. உள்ளே சங்கதியே வேறு. இன்ஜினுக்குச் சக்தி ஏற்றி, ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, சைலன்சரையும் மாற்றி வைத்திருந்தேன். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் எங்கள் ஊட்டித் தெருவில் யாருக்கும் அலாரம் தேவையில்லை.

புரோக்கர் வேண்டாம் என்று நானே நெட்டில் விளம்பரம் போட்டேன். போன் செய்த அத்தனை பேரும் கேட்டது ஒன்றுதான். "சார் இருக்காருங்களா?"

சார் என்றால் என் கணவர் சேவியர். அவரிடம் போனைக் கொடுப்பேன். "எனக்குப் பெட்ரோல் எந்தப் பக்கம் ஊத்துவாங்கன்னே தெரியாதுங்க" என்று சொல்லி, திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கடைசியில் கூடலூரிலிருந்து ரஃபீக் பாய் பஸ் ஏறி நேரிலேயே வந்தார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வண்டியைச் சுற்றி வந்தார், டயரை அமுக்கினார், சேவியரைப் பார்த்தார். "டீச்சர் வண்டிங்க" என்று சேவியர் என்னைக் கைகாட்டினார்.

"டீச்சருங்களா ஓட்டறது? அப்ப ரொம்ப நல்லதுங்க. லேடீஸ் ஓட்டுன வண்டின்னா பூ மாதிரி ஓட்டியிருப்பீங்க. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

சொன்ன விலைக்கே! பைக் கடையில் எனக்காகத் திங்கட்கிழமை வரைதான் வண்டியைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த விலை கிடைத்தால் பைக் என்னுடையது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இருந்தேனா?

"நான் மெதுவா ஓட்டலீங்க பாய்."

சேவியர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பாய் சிரித்தார். "சும்மா சொல்றீங்க டீச்சர்."

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. "வாங்க, கூடலூர் வரைக்கும் நானே கொண்டுபோய் விடறேன்" என்று சாவியை எடுத்தேன்.

நடுவட்டம் தாண்டியதும் வளைவுகள். ஸ்பீடோமீட்டர் என்ன காட்டியது என்று எழுத மாட்டேன் — என் மாணவிகளும் இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிக்கிறார்கள். ஆனந்தம் என்றால் அப்படி ஓர் ஆனந்தம். முதல் வளைவில் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்த பாய், கூடலூர் வரை அதை விடவே இல்லை.

அங்கே டீக்கடையில் ஒரு டீயை முழுசாகக் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"வண்டிய எடுத்துக்கறேன் டீச்சர். ஆனா, பதினஞ்சாயிரம் கொறைச்சுக்கணும்."

"ஏனுங்க பாய்?"

"நீங்க இவ்வளவு நல்லா ஓட்டுவீங்கன்னு நான் நெனைக்கலீங்களே."

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் பைக் ஞாபகம் வந்தது. சேவியருக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பதினஞ்ச நான் போடறேன்" என்றார் அவர். "பைக்ல என்னைய மட்டும் பின்னாடி உக்காரச் சொல்லாத."

முப்பது வருஷமாக ஓட்டுகிறேன். என் டிரைவிங்கை ஒருவர் வாய்விட்டுப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. பதினைந்து என்ன, இருபதே குறைத்திருப்பேன்... சேவியர் காசுதானே.